ஏகமனதாக நிறைவேறியது

எங்கள் ஊருக்கென்று ஒரு நகரசபை இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அதைக் கலைத்துப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். இருந்தபோது எட்டிப்பார்க்காத மாநகராட்சிக்காரர்களுக்கு இப்போது திடீரென்று பாசம் பொங்கி, அதன் வரலாற்றை இருபது பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். அங்கே முப்பது வருஷம் தீர்மானப் புத்தகம் எழுதியவள் நான்தான். விளக்குக் கம்பம், குடிநீர்த் தொட்டி, தெருநாய்க்காக மூன்று கூட்டம் என்று பத்தொன்பது பக்கம் மளமளவென்று முடிந்தது. கடைசிப் பக்கத்தில் கை ஓடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், பளிச்சென்று இருந்த அடுப்பை இரண்டு முறை துடைத்தேன்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம். என்ன முடிவாகும் என்று தலைவர் முதல் நாளே சொல்லிவிடுவார். "ஏகமனதாக நிறைவேறியது" என்பதுவரை நான் எழுதி வைத்துவிடுவேன். உறுப்பினர்கள் உள்ளே நுழையும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்து பேசுவார்கள். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பது எங்களுக்குக் கைவந்த கலை.

சபையைக் கலைக்கும் தீர்மானத்தையும் அப்படித்தான் எழுதினேன். அன்று மூன்றாம் வார்டு உறுப்பினர் எழுந்து, "வழக்கம்போல கையெழுத்து போட்டுட்டேன். ஆனா எனக்கு இதுல சம்மதம் இல்ல. அப்படியே எழுதுங்க" என்றார். ஒருவர் எதிர்த்ததாகப் பதிவானால்கூட ஊர்மக்களைக் கூட்டிக் கேட்டாக வேண்டும் என்பது விதி.

அந்த உறுப்பினர் என் அக்கா. நான் எழுதவில்லை.

"ஊரை வித்தவ" என்று அவளுடைய தையல் கடை வாசலிலேயே பேசினார்கள். புத்தகத்தில் அவள் கையெழுத்து இருக்கிறதே! அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அன்றிலிருந்து ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

மாநகராட்சி அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"சார், ஒரு உறுப்பினர் எதிர்த்தாங்கன்னு போடணும்."

"புத்தகத்துல அப்படி இல்லையேம்மா?"

"புத்தகம் பொய். எழுதினவ சொல்றேன்."

"அப்போ மிச்ச முப்பது வருஷம்?"

"அதுவும் கூட்டம் நடக்கறதுக்கு முன்னாடியே எழுதினதுதான்."

"யோசிச்சுக்குங்க. உங்க பேருதான் கெடும்."

கெடட்டும். ஒரே மூச்சில் எழுதி, மை காய்வதற்குள் அக்கா கடைக்குப் போய்விட்டேன். அவள் தையல் மிஷினை நிறுத்தாமலே தாளை வாங்கினாள். பிறகு நிறுத்திவிட்டுப் படித்தாள். "உறுப்பினர் ஒருவர் எதிர்த்தார். அதை நான் பதிவு செய்யவில்லை."

"ஏன் செய்யல?"

ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. தலைவர் மிரட்டினார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனுஷர் அன்று வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"பக்கத்த மாத்தினா இருபது பேர்கிட்டயும் மறுபடி கையெழுத்து வாங்கணும். அஞ்சரை பஸ் போயிடும்னு..."

சொல்லும்போதே கூசியது. அக்கா அளவு குறிக்கும் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"அதையும் எழுது."

"அக்கா, இது ஊரோட வரலாறு. இதுல போய் பஸ்ஸ..."

"ஊரே அந்த பஸ்லதானேடி போச்சு."