ஜெராட்டுக்கு ஏன் பந்து வரவில்லை

மே மாதம் பிறந்ததிலிருந்து சிசிலி ஒரு வேளைச் சோறும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பல்கலைக்கழக அணியில் பந்தாடிய மகன் ஜெராட்டை மேற்கே கனடாவின் பிரெய்ரிச் சமவெளிப் பக்கத்து அணியொன்று சம்பளத்துக்கு எடுத்துவிட்டது என்று செய்தி வந்தபோது வீடே துள்ளியது. அவளும் துள்ளினாள். துள்ளிக் களைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கணவர் யோசெப் தன் திட்டத்தைச் சொன்னார். பங்கு மண்டபத்தில் மகனுக்குப் பாராட்டு விழா வைக்கப் போகிறாராம். பல்கலைக்கழக அணியின் கோச் பெலான்ஜேயைப் பிரதம விருந்தினராக அழைத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அந்தக் கோலத்திலேயே நிற்க வைத்துச் சபை நடுவே ஒரு கேள்வி கேட்கப் போகிறாராம்.

நாலு வருஷமாக என் பிள்ளைக்கு ஏன் பந்து தரவில்லை? இதுதான் கேள்வி. சிசிலி தண்ணீர்க் கோப்பையைப் பாதியில் கீழே வைத்தாள்.

ஜெராட் ஆடுவது காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல. தலைக்கவசம் போட்டு, தோளில் தலையணை கட்டி, முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காக ஆளை ஆள் முட்டி விழுத்துகிற ஆட்டம். அதில் அவன் டைட் எண்ட், அதாவது வரிசையின் ஓரத்தில் நிற்பவன். பாதி நேரம் எதிரே வருகிறவனை மறித்துத் தள்ள வேண்டும். மீதி நேரம் ஓடிப்போய், எறிகிற பந்தைப் பிடிக்க வேண்டும். ஆறடி நாலங்குலம் உயரம், அதற்கேற்ற அகலம். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் இப்படியொரு உருவம் கிடையாது. அது தன் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று யோசெப் ஐந்தடி ஐந்தங்குலத்தில் நின்றபடி எல்லோருக்கும் சொல்லுவார்.

யோசெப்புக்கு டோர்வால் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. எதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மகனின் ஆட்டத்துக்கென்று நீல மட்டைக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். நாலு வருஷத்தில் பந்து வந்தது ஐம்பத்தெட்டுத் தரம். பிடித்தது ஐம்பத்தெட்டு. தவறவிட்டது பூச்சியம். அப்படிப்பட்ட ஒருவனை, சம்பள அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கிற எட்டுச் சுற்றில் ஏழாம் சுற்றில்தான் எடுத்தார்கள் என்றால் அது யார் குற்றம்? பந்து ஒழுங்காக வந்திருந்தால் முதலாம் சுற்று என்று அவர் அடித்துச் சொன்னார்.

அதைவிடப் பெரிய மர்மம் ஒன்றும் அந்தக் கொப்பியில் இருந்தது. அந்த ஐம்பத்தெட்டில் ஐம்பத்தொன்று வெளியூர் ஆட்டங்களில் வந்தவை. மொன்றியலில், வீட்டிலிருந்து போய்க் குளிரில் குந்தியிருந்து பார்த்த ஆட்டங்களில், ஏழே ஏழு. யோசெப் இதற்கும் விளக்கம் வைத்திருந்தார். நம்முடைய சனம் பார்க்கிற இடத்தில் நம்முடைய பிள்ளை பெயர் எடுக்கக் கூடாது என்று அந்த மனிதனுக்கு எரிச்சல். அவர்கள் குடியிருந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இதை நம்பாத தமிழ்க் கத்தோலிக்கர் அநேகமாக ஒருவரும் இல்லை.

உண்மைக் காரணம் சிசிலிக்குத் தெரியும். காரணமே அவள்தான்.

ஜெராட்டின் முதல் வருஷத்து முதல் ஆட்டத்தன்று யோசெப்புக்கு வேலை, மகள் மெலனிக்குப் பரீட்சை. சிசிலி தனியாகப் போனாள். மகன் பசியோடு வருவானே என்று கைப்பைக்குள் எவர்சில்வர் சோற்றுப் பெட்டியும் கொண்டு போனாள். பந்து வந்தது. ஜெராட் எட்டிப் பிடித்தான். பிடித்த கையோடு, குளிர்சாதனப் பெட்டி அளவில் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். பிள்ளை எழும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் முழுப் பொறுப்பாளி என்று சொல்ல மனம் வரவில்லை. பதினெட்டு வருஷமாகக் கார்தரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், வேலை. வாசலைத் திறந்தால் தெருவுக்கு ஓடுகிற மூன்று வயதுப் பிள்ளைகளை ஓடிப் பிடித்துப் பழகிய கால்கள், அவளைக் கேளாமலே இறங்கிவிட்டன. வேலியைத் தாண்டி, காவலுக்கு நின்ற இரண்டு தடியன்களைத் தாண்டி, மைதானத்தின் நடுவுக்குப் போய், மகனுக்கு மேலே கிடந்தவனின் தலைக்கவசத்தில் கைப்பையால் இரண்டு போட்டாள். சோற்றுப் பெட்டி நசுங்கிப் போயிற்று. நடுவர் விசிலை ஊதி, தண்டனையாக மகனின் அணியைப் பதினைந்து யார் தூரம் பின்னுக்குத் தள்ளினார். அன்று அவர்கள் இரண்டு புள்ளியால் தோற்றார்கள். ஜெராட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. வெட்கத்தில்தான் எழும்ப நேரமெடுத்தான்.

அப்பாவுக்குச் சொல்லாதே என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அடுத்த கிழமை அறுபது மட்டன் றோல்ஸ் பொரித்துக்கொண்டு கோச்சிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். கோச் நாலைத் தின்றுவிட்டு, இனியும் ஆட்டம் பார்க்க வருவீர்களா என்று கேட்டார். வராமல் முடியாது, யோசெப் சனிக்கிழமை வேலையை மாற்றிவிட்டார், இனிக் குடும்பமாக வருவோம் என்றாள். மகன் மறுபடி விழுந்தால் இருந்த இடத்தில் இருப்பீர்களா என்று கேட்டார். முதல்நாள்தான் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. தன் கால்களுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று, கார்தரியில் பழகிய பிரெஞ்சில் சொன்னாள். கோச் ஐந்தாவது றோலைக் கடித்தபடி யோசித்தார். அப்படியென்றால் நீங்கள் இருக்கிற நாளில் அவனுக்குப் பந்து இல்லை, மறிக்கிற வேலை மட்டும்தான் என்றார். இருவரும் கைகுலுக்கினார்கள்.

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் பாட்டுப் பாடாத குறை. மகனை யாரும் விழுத்த மாட்டார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதன் விலை என்ன என்று நாலாம் வருஷம்தான் உறைத்தது. ஏழாம் சுற்று என்று கேட்டபோது எல்லோரும் கைதட்ட, பிள்ளையின் எதிர்காலத்தில் மண்ணைப் போட்டவள் தானே என்று அவள் நினைத்தாள். இப்போது அது சபையில் வெளிவரப் போகிறது. கணவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தாள். கோச்சுக்குக் கரைச்சல் கொடுக்காமல் உதைபந்தாட்டக் கழகத் தலைவர் யாரையாவது கூப்பிடலாமே என்றாள். எடுபடவில்லை. கடைசியில் கொப்பியைத் தூக்கி, உறைபெட்டிக்குள் விளைமீன் பொதிக்குக் கீழே ஒளித்து வைத்தாள். வெள்ளிக்கிழமை மீன் எடுக்கப் போன யோசெப் கையில் அது அகப்பட்டது. வீடு தீப்பிடித்தாலும் கொப்பி பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தேன் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். யோசெப்புக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் தன் கொப்பியை இவ்வளவு மதித்தவர் யாருமில்லை என்றார்.

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. பாதர் செபம் சொன்னார். சின்னப்பிள்ளைகள் ஆடினார்கள். மெலனி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தமிழைப் பிரெஞ்சாகவும் பிரெஞ்சைத் தமிழாகவும் மாற்றினாள். கோச் பெலான்ஜே மாலையும் பொன்னாடையுமாக, ஊர்க் கலியாணத்து மாப்பிள்ளைபோல மேடையில் இருந்தார். தனக்கு நடக்கப் போவது தெரியாமல் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். சிசிலி முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

யோசெப் கொப்பியை விரித்தார். மீன் வெடில் மூன்றாம் வரிசை வரைக்கும் போனது. அவர் எதையும் பொருட்படுத்தாமல் வருஷம் வருஷமாக வாசித்தார். மொன்றியலில் வந்த ஏழு பந்தையும் தனித்தனியாகச் சொன்னார். முதல் ஆட்டத்தில் ஒன்று. இரண்டாம் வருஷம் செப்டெம்பரில் ஒரே நாளில் மூன்று. அன்று சிசிலி, பெறாமகளின் முதல் நன்மை விழாவுக்காகப் புரோசார்ட்டில் நின்றாள். நாலாம் வருஷம் ஒக்டோபரில் இன்னொரு மூன்று. அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். கணவர் தன் கையாலேயே மனைவிமீது குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருக்கிறார் என்று சிசிலிக்கு விளங்கியது. எழுதியவருக்கோ அது இன்னும் தெரியவில்லை. அவர் கொப்பியை மூடி, கேள்வியைக் கேட்டார்.

மெலனி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். கோச் சபையைப் பார்த்தார், பிறகு முன்வரிசையில் சிசிலியைப் பார்த்தார். மாலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, இரண்டே வசனம் சொன்னார்.

“பிழை தன்ரையாம்,” என்றாள் மெலனி. “ஜெராட்டைத் தான் சரியாப் பாவிக்கேல்லையாம்.”

யோசெப்பின் முகம் பூரித்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். வேறு யாரோ, இப்ப சொல்லி என்ன பிரயோசனம் என்று முணுமுணுத்தார்கள். கோச் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். செய்யாத குற்றத்துக்கு, அறுபது வயது மனிதன், பூமாலையோடு. சிசிலிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்தத் தடவையும் கால்கள்தான் முதலில் எழும்பின.

“அவரிலை பிழை இல்லை,” என்றாள். “நான்தான். முதல் மாட்சிலை பிள்ளை விழுந்த உடனை நான் உள்ளுக்கை ஓடிப்போய், ஒருத்தனுக்குப் பையாலை அடிச்சுப்போட்டன். நான் இருக்கிற நாளிலை இவனுக்குப் பந்து இல்லையெண்டு நானும் அவரும்தான் கதைச்சு முடிவெடுத்தனாங்கள். எனக்குப் பயம். இப்பவும் பயம்.”

யோசெப் கொப்பியைத் திரும்ப விரித்தார். செப்டெம்பரைப் பார்த்தார், ஒக்டோபரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நாலு வருஷம் எழுதியதை அன்றுதான் முதன்முதலாக வாசித்தார்.

அப்போது ஜெராட் அக்காவின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினான். மேடையில் தமிழ் பேசிப் பழக்கமில்லாதவன்.

“அம்மா, கோச் என்னை ஒவ்வொரு வருஷமும் கேட்டவர். அம்மாவை வீட்டிலை நிக்கச் சொல்லு, மாட்சுக்கு எட்டுப் பந்து தாறன் எண்டு. நான்தான் வேண்டாமெண்டனான்.” கொஞ்சம் நிறுத்தினான். “பந்தை வெளியூரிலையும் பிடிக்கலாம். நீங்கள் இஞ்சை மட்டும்தானே வாறனீங்கள்.”

சிசிலி அழுதாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம், இறங்கும்போதும் ஒரு வலி வலித்தது.

யோசெப் மேடையிலிருந்து இறங்கி வந்தார். இனி ஏச்சு விழும், குறைந்தது ஒரு பெருமூச்சாவது வரும் என்று சிசிலி நினைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எத்தினை யார் ஓடினனீர்?” என்றார்.

அவளுக்கு எப்படித் தெரியும்? மெலனி கோச்சைக் கேட்டாள். இந்தக் கேள்விக்காகவே நாலு வருஷமாகக் காத்திருந்ததுபோல அந்த மனிதனின் முகம் மலர்ந்தது. நாற்பது யார் என்றார். சேலையோடு, பாரமான பையோடு, ஆறு விநாடிக்குள். மறிக்கப் போன காவல்காரர் இருவரும் தன்னுடைய பழைய வீரர்களாம். இருவரையும் இடமும் வலமுமாக ஏமாற்றிவிட்டுப் போனாளாம். அன்று இரவு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். நான் பயன்படுத்தாமல் விட்ட ஆள் ஜெராட் இல்லை, இந்த மேடம்தான் என்று சொல்லி, தன் தோளிலிருந்த பொன்னாடையைக் கழற்றி இறங்கி வந்து சிசிலிக்குப் போர்த்தினார். மண்டபம் சிரித்த சிரிப்பில் பாதரின் தேநீர் கொட்டியது. யோசெப் ஒரு புதுப் பக்கத்தில் சிசிலி, நாற்பது யார் என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

ஜூன் மாதம் மேற்கே மகனின் முதல் சம்பள ஆட்டத்துக்கு இருவரும் விமானம் ஏறிப் போனார்கள். யோசெப் எல்லாவற்றையும் யோசித்துத்தான் ஏற்பாடு செய்திருந்தார். மைதானத்திலிருந்து எட்டாத உயரத்தில், கடைசிக்கு முந்திய வரிசையில் இடம். சிசிலி உள்பக்கம், அவர் படிக்கட்டுப் பக்கம். கைப்பை அவர் மடியில், அதன் வார் அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்று. இனி நீர் அசையேலாது என்றார். சிசிலி சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் பந்து ஜெராட்டுக்கு வந்தது. பிடித்தான். நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். பிள்ளையைக் காணவில்லை.

சிசிலி கண்ணை மூடவில்லை, எழும்பவும் இல்லை. அந்த நாலு பேருக்குக் கீழே மகன் விரலை ஆட்டுகிறானா என்று நிதானமாகப் பார்த்தாள். ஆட்டினான். அப்பாடா என்று சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினால், கதிரை வெறுமையாக இருந்தது. ஆறு படி கீழே, அவளுடைய கைப்பையைத் தலைக்கு மேலே சுழற்றியபடி யோசெப் ஓடிக்கொண்டிருந்தார்.

அவரைப் பிடிக்க அவளுக்கு மூன்று விநாடி போதுமாக இருந்தது.