தண்ணி வரல, ஐடா

1

இந்தக் கதை பங்காருபேட்டை ரயில் நிலையத்துக் கழிப்பறை வாசலில் பிறந்தது. உள்ளே போன பெரியவர் வெளியே வரவே இல்லை. வரிசையில் நின்ற நாங்கள் யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. அன்றைக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே தகராறு.

ஏனோக்குக்கு வயதான பிறகு சிறுநீர்... (ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.)

ஏனோக் இயற்கை உபாதைக்காக... (இது செய்தித்தாள்காரர்கள் சொத்து. நடுவழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவருக்கு மட்டுமே வரும்.)

ஏனோக்குக்கு மூத்... (என் மாமியார் படிப்பார்.)

2

சரி, ஆளையாவது சொல்கிறேன். ஏனோக் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். பாதாளத்துத் தண்ணீரையே மேலே ஏற்றிய மனுஷனுக்கு இப்போது நின்றால் வராது, வந்தால் நிற்காது. மனைவி ஐடாவுக்கு இருமினாலும் கசியும், சிரித்தாலும் கசியும். ஒரே கட்டில்தான். அவருடையது அவளுக்குத் தெரியாது, அவளுடையது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் மகள் லவினாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ரயில் நெரிசலில் கழிப்பறைப் பக்கம் போகவே முடியாது.

"எனக்கு மூட்டு வலி, நீ போயிட்டு வா" என்றார் அவர்.

"எனக்குத் தலை சுத்துது, நீங்க போங்க" என்றாள் அவள்.

லவினா போனில் அழுதாள். "என் மாமியார் வீட்டு ஆளுங்களப் புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. இனிமே கூப்பிடவே மாட்டேன்."

3

பெண் உறவு அறுந்துவிடும் போலிருக்கிறதே. ஏனோக் துணிந்துவிட்டார்.

"ஐடா, தண்ணி சரியா வரல."

கே.ஜி.எஃப்.பில் இப்படிச் சொன்னால் எந்தப் பெண்டாட்டிக்கும் ஒரே அர்த்தம்தான்.*

"டேங்கர்காரன் நாளைக்குத்தான் வருவான்."

"அதில்ல. சொட்டு சொட்டா வருது. முடிஞ்சிதுன்னு திரும்புனா மறுபடியும் சொட்டுது."

இதுதான் சமயம் என்று ஐடாவும் துணிந்தாள். "இங்கயும் லீக்காவுதுங்க. இருமினாலே போதும்."

"பைப்பு இருமுதா? காத்து புடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பம்புக்காரர் பிளம்பர் வேலுவுக்குப் போன் போட்டார்.

(* ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி இங்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதைத்தான் இலக்கியம் என்பார்கள். கிழித்துவிட்டேன்.)

4

வேலு எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தான். "அங்கிள், தண்ணி பிச்சிக்கினு கொட்டுது. எங்கயும் லீக்கு இல்ல. யாரு சொன்னா உங்களுக்கு?"

அவன் போன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே ஐடாவை அழவைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவள் சிரித்துத் தொலைத்தாள்.

"ஐயோ, அப்படிப் பாக்காதீங்க, வந்துரும்!"

"இன்னா வந்துரும்?"

"மூத்திரம்!"

ஏனோக் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உனக்குமா? நான் மட்டுந்தான்னு வெக்கத்துல செத்துக்கினு இருந்தேனே, ஐடா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

5

கோலாரில் டாக்டரைப் பார்க்கிறார்கள் என்று முடிக்கலாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ரயில் ஏறுகிறார்கள் என்றும் முடிக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், ரொம்ப நாகரிகமாக வந்தது.

இதோ, லவினா கூப்பிடுகிறாள். "ஏன் வர மாட்டீங்கன்னு அத்தை மாமா எதுருலயே சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்." ஏனோக் ஐடாவைப் பார்க்கிறார். ஐடா என்னைப் பார்க்கிறாள். நான் போனை உங்களிடம் நீட்டுகிறேன். பேசுங்கள், சம்பந்தி காத்திருக்கிறார்.