பத்துக்குப் பத்து தப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று விடுமுறை. வெகுநாளாக நினைத்திருந்ததைச் செய்துவிடலாம் என்று வீட்டு ஆம்ப்ளிபயரின் மூடியைக் கழற்றினான். உள்ளே சாக்கெட்டில் ஆப்-ஆம்ப் சிப் ஒன்று இருந்தது. பாட்டின் மெலிந்த சிக்னலைப் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. அதற்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொரு சிப்பை வாங்கி வைத்திருந்தான். எட்டுக் கால், அதே வரிசை. நெம்பி எடுத்து, புதியதை அழுத்தினால் முடிந்தது. முனையில் உள்ள பள்ளம் மட்டும் திசை மாறக்கூடாது. மாறினால் சிப் போய்விடும்.

பழையதை நெம்பி, துணிமேல் இருந்த புதியதன் பக்கத்தில் வைத்தபோது வாசல் மணி அடித்தது. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர். அவரை அனுப்பிவிட்டு வந்து சிப்பை மாட்டி, பாட்டைப் போட்டான்.

பாடகி அடுத்த அடிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது. பதினோரு வருடமாகக் கேட்ட பாட்டு. இந்த மூச்சு இதுவரை எங்கே போயிருந்தது?

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான்.

"நேத்து மாதிரிதாங்க இருக்கு" என்றாள்.

"மூச்சு கேக்கலையா?"

"கேக்குது. பாடறவங்க மூச்சு விடமாட்டாங்களா?"

மூன்று வாரம் வந்தவர் போனவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்தான். கடைசியில் அவளுடைய தம்பி வந்தான். அடுத்த தெருவில் பால் பொங்கினாலும் கேட்கும் என்பதால் வீட்டில் அவனுக்குப் பாம்புச்செவி என்றே பெயர். கண்ணை மூடிக் கேட்டான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. பழசுல ஒரு ஈரம் இருந்துச்சு. இது வறண்டு கிடக்கு."

"ஆம்ப்ளிபயர்ல என்னடா ஈரம்? காயப்போட்ட துணியா?"

பேச்சு வளர்ந்தது. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சீட்டைப் பார்க்காமல் எந்தக் குப்பியையும் நம்பமாட்டாள். "ரெண்டு சிப்பையும் எங்கிட்ட குடுங்க. எதுன்னு சொல்லாம நான் மாத்தறேன். நீங்க ரெண்டு பேரும் எழுதுங்க" என்றாள்.

அவன் இரண்டையும் ஒரு டப்பா மூடியில் போட்டுக் கொடுத்தான். அவள் வாங்கிய பாக்கெட்டில் இருந்த எண்ணை, சிப்பின் தலையில் உள்ள எண்ணோடு பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டு, புதிய சிப்பின் தலையில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள். மற்ற இருவரையும் சமையலறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். காசைச் சுண்டிப் பார்த்து சிப்பை மாட்டினாள். அதே சிப் திரும்ப வந்தாலும் கழற்றியே மாட்டினாள், நேரத்தை வைத்து ஊகித்துவிடக் கூடாதென்று. ஒவ்வொரு தரமும் மூடியை மூடி, இருவரையும் கூப்பிட்டுப் பாட்டைப் போட, அவர்கள் புதுசா பழசா என்று தாளில் எழுதினார்கள். இப்படிப் பத்து முறை. காலையில் தொடங்கியது, சாப்பாட்டு வேளை தாண்டித்தான் முடிந்தது.

தாள்களைச் சரிபார்த்தாள். பாம்புச்செவிக்கு நான்கு சரி. கணவனுடையதை இரண்டு தரம் பார்த்தாள்.

"உங்களுக்குப் பத்தும் தப்பு."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "குருட்டாம்போக்குல எழுதினாலும் நாலஞ்சு சரியா வரும். பத்தும் தப்பா வரணும்னா, உங்களுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியுது. ஆனா புதுசைப் பழசுங்கறீங்க, பழசைப் புதுசுங்கறீங்க."

அவன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றான். பிறகு துணி நினைவுக்கு வந்தது. துணிமேல் இரண்டு சிப். இரண்டும் கறுப்பு. வாசலிலிருந்து திரும்பியவன் எண்ணைப் பார்க்கவே இல்லை.

"அப்போ மூணு வாரமா ஓடினது பழசேதானா?"

"அப்படித்தான் ஆகுது."

"சரி, இந்த மூணு வாரத்துல பழசோட சத்தம் காதுல பதிஞ்சிடுச்சு, அதைப் புதுசுன்னு எழுதினேன். ஆனா முதல் நாள் எதுவுமே மாறலையே. மூச்சு எப்படிக் கேட்டுச்சு?"

"கழட்டி மாட்டினதுல கால் துரு போயிருக்கும் மாமா" என்றான் தம்பி.

"அன்னைக்குத்தான் வேற வேலை பாக்காம கையைக் கட்டிட்டு உட்கார்ந்து கேட்டீங்க" என்றாள் மனைவி.

இரண்டும் சரியென்று பட்டது. இரண்டும் போதாது என்றும் பட்டது. அன்று மாலை புதியதை எண் பார்த்து மாட்டினான். நன்றாகத்தான் இருந்தது. பழையதை மாட்டினான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இப்போது பெயர் தெரிந்துவிட்டதால் காதை நம்ப முடியவில்லை. எதை மாட்டி வைப்பதென்று புரியாமல் மூடியைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் படுத்தான்.

மறுநாள் வேலையில், ஆறாவது மாடிக்கு மேல் மோட்டார் அறையில் நின்றபோது ஒரு மெல்லிய உரசல் கேட்டது. வழக்கமாக இருந்தால் யோசிக்காமல் பேரிங்கைத் திறந்திருப்பான். இருபது வருடமாகக் காதை வைத்துத்தான் பிழைப்பு.

கூட வேலை செய்பவரைக் கூப்பிட்டான். "அண்ணே, உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கேக்குது. ஏன், உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது" என்றான். "என்ன கேக்குதுன்னு முதல்ல நீங்க சொல்லுங்க."