வலப்பக்கத்துத் திரை

நாலு தூறல் விழுந்தால் போதும், கிழக்கேகோட்டையில் கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் அனந்தின் மேஜை தலைகீழாகிவிடும். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிற அவனுக்கு மூன்று மானிட்டர்கள். இடப்பக்கம் ஆபீஸ் மெயில், நடுவில் மீட்டிங், வலப்பக்கம் அப்பா. மூன்றில் இன்வெர்ட்டரில் ஓடுவது நடு மானிட்டர் மட்டும்தான். பக்கத்துத் திரைகள் அணைந்ததும் அவற்றிலிருந்த விண்டோக்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு நடுத்திரைக்கு ஓடிவரும். கரண்ட் வந்தபிறகு ஒவ்வொன்றையும் மௌசால் இழுத்து அதனதன் இடத்தில் வைப்பான்.

அப்பாவின் விண்டோவைத்தான் முதலில் இழுப்பான். அதை மூடியதே இல்லை. அப்பா பிச்சுமணிக்கு மறதி முற்றியிருந்தது. மனைவி ஆஷா ஸ்கூலில் பாடம் எடுத்துவிட்டு வரச் சாயங்காலமாகும். அடுத்த அறையில் அப்பாவுக்கு இன்வெர்ட்டர் லைனில் ஒரு காமிராவை மாட்டிவிட்டு இங்கே உட்கார்ந்து சம்பாதிப்பதைத் தவிர அனந்துக்கு வேறு வழி தெரியவில்லை.

நினைவு இருந்த நாளில் பிச்சுமணி, கோயிலுக்குப் போகும்போது தவிர, சட்டையில்லாமல் தெருவில் இறங்கினவர் இல்லை. பால்காரன் கூப்பிட்டால்கூடப் பித்தானைப் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்.

அன்று பகல் பெரிய மீட்டிங். அனந்த் தன் நடுத்திரையை எல்லோருக்கும் ஷேர் செய்து விளக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. அப்பா நடுத்திரையில் வந்து நின்றார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. அவிழ்த்த வேஷ்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அது என்னவென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே க்ளிக்கில் மூடியிருக்கலாம். பழகின கை மூடவில்லை, வலப்பக்கம் இழுத்தது. அணைந்து கிடக்கிற திரைக்குள் அப்பா எப்படிப் போவார்? விண்டோ ஓரத்தில் முட்டி, கையை விட்டதும் பெருத்து, பாதித் திரையை அடைத்துக்கொண்டது.

மேலே வரிசையாக இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. தங்கள் காமிராக்களை அணைத்துவிட்டார்கள். அந்த மரியாதையைத்தான் அனந்தால் தாங்க முடியவில்லை.

"அனந்த்," என்றார் மேனேஜர் யோசுவா மலையாளத்தில், மிகவும் மெதுவாக. "ஷேர் நிறுத்தூ மோனே. போயி அச்சனெ நோக்கூ."

அப்பாவைப் போய்ப் பார் என்றதுமே ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான்.

வேஷ்டியை வாங்கி அப்பாவின் இடுப்பில் சுற்றினான். தற்செயலாக நிமிர்ந்தான். உத்தரத்துக்குப் பக்கத்தில் காமிராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஷேரை நிறுத்தாமல் வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. போய் நிறுத்தலாமென்றால் அதற்குள் அப்பா மறுபடி அவிழ்த்துவிடுவார். காமிராவைத் திருப்பலாமென்றால் கை எட்டாது. அப்பா பிடுங்கிப் போட்டுவிடக் கூடாதென்று அவ்வளவு உயரத்தில் மாட்டியவன் அவன்தான். அவனுக்கு அழுகை வந்தது.

"யார்ரா வந்திருக்கா?" என்றார் அப்பா.

"யாருமில்லேப்பா."

"ஆள் இருக்காப்பல இருக்கே. நிக்க வெக்காதே, உக்காரச் சொல்லு. காப்பி கொடு. நான் சட்டை போட்டுண்டு வந்துடறேன்."

அனந்த் காமிராவுக்கு முதுகைக் காட்டி, முடிந்தவரை அவரை மறைத்துக்கொண்டு நின்றான். அப்பா கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டி, மேல் பித்தானைக் கீழ்த்துளையில் நுழைத்தார். பிறகு அவன் தோளுக்கு மேலாக அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்து, வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தார்.