எப் என்றால் போய்க்கொண்டிருப்பது

கிழக்குக் காற்றில் கடல் வழக்கத்துக்கு மேல் இறங்கியிருந்தது. தரைதட்டும் என்று ஆமலாந்து தீவுப் படகை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் மறுபடி ஏறினால்தான் படகு. அதற்குள் தீவில் என் தங்கை ஹிஸ்கெயின் கல்யாண நேரம் தாண்டிவிடும். மாப்பிள்ளை ஹ்யூப் என்னோடு இந்தக் கரையில் நின்றான். தெற்கே மலைப்பக்கத்துக்காரன்.

பால்பவுடர் ஆலையில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தேன். கோடையில் இந்தச் சேற்றுக்கடலில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போக உரிமம் வைத்திருக்கிறேன்.

“நடந்துடலாம் மாப்ள. இப்பவே.”

“முழங்காலுக்குத் தண்ணி நிக்குது மச்சான். எப் வரட்டும், தண்ணி வத்தட்டும்.”

“இதான் எப்.”

“மணல் தெரியணும்ல?”

“அது எப் முடிஞ்ச இடம். எப்னா தண்ணி போய்க்கிட்டே இருக்கறது.”

“காலேஜ பாதில விட்டவரு பாடம் நடத்துறாரு.”

விட்டவன்தான். குரோனிங்கனில் பழைய மொழிகள் படித்தேன். உருப்படியாக மிஞ்சியது கொஞ்சம். அதில் இது ஒன்று. அந்தச் சொல்லின் வேருக்கு ‘விட்டு விலகி’ என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கரையில் நின்று தண்ணீரின் முதுகைப் பார்த்திருக்க வேண்டும்.

“நடுவுல ஆழமான வாய்க்கால் இருக்கு. தண்ணி ரொம்பக் கொறஞ்ச நேரத்துல நாம அங்க இருக்கணும். இங்க மணல் தெரிஞ்சப்புறம் கெளம்பினா, அங்க போறப்ப ஏத்தம் வந்துடும். உன் தலை மட்டுந்தான் கல்யாணத்துக்குப் போகும்.”

அவன் கோட்டையும் பேண்ட்டையும் பிளாஸ்டிக் பையில் திணித்துத் தலையில் வைத்துக்கொண்டான். அரைக்கால்சட்டைக்குக் கீழே வெள்ளைக் கால்கள்.

நடந்தோம். முழங்கால் தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தது, பிறகு கணுக்காலுக்கு. ஓரிடத்தில் சேறு அவனுடைய ஒரு ஷூவை உறிஞ்சிக்கொண்டது. நின்று தோண்டப் பார்த்தான்.

“விடு, வா.”

வாய்க்காலில் இடுப்பளவுதான். ஏறி அக்கரை மணலில் நின்று திரும்பிப் பார்த்தான். நாங்கள் கடந்த இடத்தில் நீரோட்டம் நின்றுபோய், மெல்ல எதிர்ப்பக்கம் நகரத் தொடங்கியிருந்தது.

“இப்ப இது எப் இல்லல்ல?”

“இல்ல. வருது. நட.”

தீவின் கரையணையில் ஹிஸ்கெ கல்யாண உடுப்போடு நின்றாள்.

“இன்னொரு ஷூ எங்கடா?”

“கடலுக்கு மொய் வச்சிட்டேன்.”

மிச்ச ஷூவையும் கழற்றிவிட்டு, குறித்த நேரத்தில், வெறுங்காலோடு, கையெழுத்துப் போட்டான். படகுக்குக் காத்திருந்த அவன் சொந்தக்காரர்கள் கேக் தீர்ந்த பிறகு வந்தார்கள்.