முன்னால் ஓடியவள்

ஓட்டத்துக்குப் போயே தீருவேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். ஆறு மாதம் முன்பு இரண்டு காலில் நிற்கவே அவளுக்கு ஆள் தேவைப்பட்டது. நெஞ்சைப் பிளந்து வால்வை மாற்றிய டாக்டர், "நடக்கலாம், மெதுவா ஓடலாம். மூச்சு வாங்கினா அங்கேயே உட்காந்திடணும்" என்று சொல்லியிருந்தார். அதில் "ஓடலாம்" மட்டும்தான் அவள் காதில் விழுந்திருந்தது.

"இது பந்தயமா என்ன? ஊரே சிரிச்சிக்கிட்டு ஓடுற ஓட்டம். கடைசியா வந்தாலும் மெடல் குடுப்பாங்க, அக்கா."

"மெடல் கெடக்குது. நீ முன்னால ஓடு, நான் பின்னால வரேன். என் கண்ணை விட்டு மறைஞ்சே, தொலைச்சிடுவேன்."

அக்காவுக்கு அழகு நிலையத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஓடிப் பழக்கமில்லை. பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கென்று இருந்தது இந்த வாயாடி ஒருத்திதான். அவளையும் இழந்துவிடுவோமோ என்ற பயம் ஆறு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

விடிகாலையில் தங்கைக்குத் தலை பின்னி, நுனியில் நீல ரிப்பன் கட்டினாள். காரணம் இருந்தது. ஓடுகிற எல்லாருக்கும் ஒரே மஞ்சள் பனியன் கொடுத்திருந்தார்கள். ஓட்ட எண் எழுதிய அட்டையை நெஞ்சில்தான் குத்துவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்றே தெரியாது.

பனி விலகாத நேரத்தில் ஓட்டம் தொடங்கியது. இளவட்டங்கள் பறந்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்கள்கூட முந்திப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது இவர்கள் இருவரும்தான். தண்ணீர் மேசையருகே அக்கா நின்று ஒரு வாய் குடித்தாள். அங்கே முதலுதவி வண்டி நின்றது மனதுக்குத் தெம்பாக இருந்தது. நிமிர்ந்தபோது நீல ரிப்பன் பனிக்குள் ஆடிக்கொண்டே போவது தெரிந்தது.

"ஏய், மெதுவா!"

ரிப்பன் நிற்கவில்லை. அக்கா வேகம் கூட்டினாள். எவ்வளவு ஓடியும் இடைவெளி குறையவில்லை, கூடவும் இல்லை. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கட்டிலில் கிடந்தவளா இது! பிறகு கோபம் வந்தது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறாளா, திமிர் பிடித்தவள். அப்போதுதான் அந்த முதுகைக் கவனித்தாள். தன் பனியன் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. முன்னால் ஓடிய பனியனில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. சாலையில் தன் காலடி ஓசை மட்டும்தான் கேட்டது.

"அக்கா..."

குரல் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள். நடைபாதை ஓரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சில் எண் இருந்தது, தோளில் அதே சடை, அதே ரிப்பன்.

"தண்ணி மேசைலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே உன் பின்னால வரேன். யாரைத் துரத்திக்கிட்டு ஓடுறே?"

முன்னால் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே அக்கா பார்த்தாள். பனிக்குள் முன்னால் ஓடியவள் நின்றுவிட்டிருந்தாள். இப்போதுதான் மெல்லத் திரும்பினாள்.

முகம் தெரிவதற்குள் அக்கா தங்கையை வாரி முதுகில் போட்டுக்கொண்டு, வந்த வழியே ஓடினாள். எப்படியாவது அந்த வண்டிக்குப் போய்விட வேண்டும். தங்கையின் மூச்சு கழுத்தில் கொதித்தது.

"அக்கா, பின்னால ஒருத்தி வரா."

"பாக்காதே. கண்ணை மூடிக்க."

"என்னை மாதிரியே இருக்கா. கையை நீட்டுறா."

"பேசாம இருடி!"

வண்டியின் விளக்கு பனியில் மங்கலாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். கழுத்தில் பட்ட மூச்சு நின்றது. தங்கையின் குரல் மட்டும் தெளிவாக, சிரிப்போடு வந்தது.

"அக்கா, இப்ப எனக்கு மூச்சே வாங்கல. இறக்கி விடு, நானே ஓடுறேன்."

"மாட்டேன். இறக்க மாட்டேன்டி!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடினாள். முதுகில் கனம் குறையக் குறையப் பிடியை இறுக்கினாள்.