சைனபைச் சுற்றிய நிலா

சைனபுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது. குழம்பில் உப்பு, புளி, காரம் எல்லாம் இம்மி பிசகாமல் இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. ரயிலில் போய்வந்த நாளிலிருந்து அபுதாஹிர் அப்படிப்பட்ட குழம்பைத்தான் பயந்து பயந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்து அவளுக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவன் தோல் பை தைக்கிற பட்டறையில் மெஷின்காரன். நடந்தால் கூடவே நடப்பான், உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருவான். நல்ல மனிதன் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

விக்ரோலியில் சொந்தக்காரர் வீட்டு விருந்து முடிந்து திரும்பும்போது, காட்கோபரில் ஏறிய கூட்டம் இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டது. அங்கே வைத்துத்தான் சொன்னாள். ஒரே அறையில் குடித்தனம் செய்கிறவர்கள் ரயிலில் போய்ச் சொல்வானேன் என்று கேட்கலாம். அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம். இங்கே தும்மினால் அங்கிருந்து விசாரிப்பார்கள். பம்பாயில் ரகசியம் பேச ரயில் கூட்டம்தான் தோது. அவள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் இந்தச் சேதியைப் புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. வெள்ளைத் துப்பட்டியை வாய்வரை இழுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நமக்குப் புள்ள உண்டாயிருக்கு" என்றாள்.

அபுதாஹிர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்குகிற ஸ்டேஷன் வந்ததும், "சயான் வந்துட்டு, எந்திரி" என்றான்.

எந்தப் பெண் தாங்குவாள்? திரும்பச் சொல்ல ரோஷம் விடவில்லை. ஊருக்குப் போகிற ஆள் மூலமாக அண்ணன் கரீம் பாட்சாவுக்குச் சொல்லியனுப்பினாள், வந்து கூட்டிப் போகும்படி. போனால் திரும்பி வருவதில்லை என்று மனசுக்குள் முடிவாகியிருந்தது. அண்ணன் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்ததும் அதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. அதற்கும் சேர்த்து ராத்திரி தலையணைக்குள் அழுதாள்.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரத்துக்கு அந்தப்பக்கத்து இருதயமேரி டீச்சர் சாக்பீசோடு வந்து நின்றாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். மறுநாள் அவள் வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், பாடம் நிலா.

"ஏட்டி சைனபு, ஸ்டூல்ல உக்காரு. நீதான் பூமி. தம்பி, நீ நிலா. இன்ஸ்பெக்டர் முன்னால நான் உளறிரக் கூடாது பாத்துக்கோ, ஒருக்கா ஒத்திகை பாத்துருவோம்."

டீச்சரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாராவியில் யாரும் குடியிருக்க முடியாது. ஸ்டவ்வையும் தண்ணீர் டிரம்மையும் ஓரமாகத் தள்ளினார்கள். பூமி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"மொதல்ல, நிலா தன்னைத்தானே சுத்தலேன்னு வச்சுக்கோ. தம்பி, அந்தக் காலண்டரையே பாத்துக்கிட்டு இவளைச் சுத்தி வா. திரும்பப் படாது. சைனபு, அவன் காது உனக்கு நேரா வந்ததும் நில்லுங்கன்னு சொல்லு, நான் தரையில கோடு போடுதேன்."

அபுதாஹிர் நண்டு மாதிரி நகர்ந்தான். முதலில் அவன் முகம் தெரிந்தது. பிறகு இடது காது நேராக வந்தது. "நில்லுங்க" என்றாள் சைனப். அவன் நிற்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு போய் டிரம்மில் இடித்துக்கொண்டான்.

"யய்யா, அவ நில்லுன்னுட்டா, நீ பாட்டுக்குப் போற?" என்று டீச்சர் கத்தினாள். அவன் அசடு வழியச் சிரித்தான்.

வலது காது வந்தது. சைனப் "நில்லுங்க" என்று முணுமுணுத்தாள், அவ்வளவுதான். சட்டென்று நின்றான்.

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "இன்னொரு மட்டம் வரச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். இந்தத் தடவை இடது காது வந்தபோது கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அவன் போய்க்கொண்டே இருந்தான்.

"பாத்தியா, சுத்தாத நிலா முதுகு வரைக்கும் எல்லாத்தையும் காட்டிப்போடும்" என்று டீச்சர் பாடத்திலேயே குறியாக இருந்தாள். "இனி அவ மொகத்தையே பாத்துக்கிட்டு வா தம்பி."

அவன் வந்தான். காலண்டர், கதவு, அலமாரி, தகரம் என்று நாலு பக்கமும் அவன் முதுகுக்குப் பின்னால் மாறி மாறி வந்தன. அவள் பார்த்தது ஒரே முகத்தை.

"ஒரே மொகம்னா சுத்தலேன்னு அர்த்தமில்ல. ஒரு மட்டம் பூமியச் சுத்தி வர்றதுக்குள்ள தன்னையும் ஒரு மட்டம் சுத்திக்கிடுது. ஆதியில வேகமாத்தான் சுத்திச்சு. பூமி இழுத்த இழுப்புல லேசாப் புடைச்சுது. சுத்துற வேகத்துல அந்தப் புடைப்பு விலகிப் போகப் போக, பூமி அதைப் புடிச்சுப் பின்னால இழுத்துச்சு. கோடிக்கணக்கான வருஷம் இழுத்து இழுத்து, வேகம் கொறஞ்சு, ரெண்டும் ஒண்ணாயிட்டு. பாக்குறவளுக்கு அது சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். அது திரும்பிக்கிட்டேதான் இருக்கு."

சைனபுக்குக் கண் கலங்கிவிட்டது. மார்க்கெட்டில் அவள் நின்றால் இவன் சுற்றிக்கொண்டு இந்தப்பக்கம் வருவான். பாய் விரித்தால் இடம் மாற்றிப் படுப்பான். எத்தனை மாசமாக இந்த மனிதன் கேட்கிற ஒரு காதை அவளுக்குக் கொடுப்பதற்காகத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறான்! இதை அறியாமல் அவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிட்டாளே!

டீச்சர் திருப்தியாகக் கிளம்பிப் போனாள்.

சைனப் அவனுக்கு வலது பக்கமாகப் போய் நின்றாள். "அந்தக் காது எப்பலேருந்து கேக்கல மச்சான்?"

அபுதாஹிர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "சின்னதுல சீழ் வடிஞ்சுது. சொன்னா பொண்ணு தர மாட்டாவன்னு உம்மா மறைச்சுட்டா. உனக்குத் தெரிஞ்சு போச்சு, அதான் அண்ணனை வரச் சொல்லிட்டன்னு நெனச்சேன். என்னன்னு கேக்க மொகம் இல்ல. செவிடன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா சைனபு?"

"தெரியாது" என்றாள் அவள். பொய் சொல்ல மனசு வரவில்லை. "வந்தாச்சு. இனி அதை எதுக்குக் கேக்குறீங்க? ரயில்ல ஒண்ணு சொன்னேன். அந்தக் காதுல போட்டுட்டேன்."

"என்ன சொன்ன?"

சொன்னாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே சொன்னாள், துப்பட்டியும் கிடையாது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "அப்பவே சொன்னியா? நான் என்னத்தச் சொன்னேன்?"

"சயான் வந்துட்டுன்னு சொன்னீங்க."

தகரத்துக்கு அந்தப்பக்கம் டீச்சர் அடக்க மாட்டாமல் சிரிப்பது கேட்டது.

சாயங்காலம், வர வேண்டாம் என்று அண்ணனுக்கு டிரங்க் கால் போடக் கிளம்பினார்கள். சந்து முனையில் ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. ஒதுங்கியதில் சைனப் அவனுக்கு இடது பக்கமாகிப்போனாள். அவன் பழக்கதோஷத்தில் அவசர அவசரமாக அவளைச் சுற்றிக்கொண்டு வரப் பார்த்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாலு பேர் பார்க்க, தெருவில், அதுவரை அவள் அப்படிச் செய்ததே இல்லை. சுற்றி வந்து அவன் வலது பக்கம் நின்றாள்.

"நீங்க நேரா நடங்க மச்சான்" என்றாள். "இனி நான் சுத்தி வாரேன்."